தொட்டி மிட்டாய்

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அறையின் கதவைத் திறக்கிறவள் முதலில் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே ஓட்டமாக எதிர்ச்சுவர் வரை போய், அங்கிருக்கிற ஒற்றை ஜன்னலின் கொக்கியைத் தட்டிவிட்டு, பிடித்த மூச்சு தீருவதற்குள் வெளியே வந்து விழ வேண்டும். பெண்கள் அணி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இது வாராவாரம் நடக்கிற சடங்காகிவிட்டது. பெரும்பாலும் நெரிடாதான் ஓடுவாள். அணித் தலைவி அவள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். வாரம் முழுக்க உர லாரி ஓட்டுகிறவள் என்பதால் தோள் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். அவளே வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அடுத்த வாரம் வேற எவளாவது ஓடுங்கடி, எனக்குக் கண்ணு போயிடும்" என்பாள். அடுத்த வாரமும் அவளே ஓடுவாள்.

முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற ஃபுட்டி ஆட்டத்துக்கு டெரிம்பாவில் ஒரு கிளப் இருந்தது. அதில் ஆண்கள் சனிக்கிழமை ஆடினார்கள். அவர்களுக்கென்று வெந்நீர் வருகிற குளியலறையோடு நல்ல அறை ஒன்று இருந்தது. அதன் சாவி அவர்களிடம். அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஞாயிறு ஆடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மைதானத்தின் மறுகோடியில் வெளியூர் அணிகளுக்காகக் கட்டிய தகரக்கூரை அறை. அதில் ஒரு சுவர் நீளத்துக்கு எவர்சில்வர் தொட்டி. ஆண்கள் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போகிற தொட்டி. நடுவில் தடுப்பு கிடையாது, மறைப்பு கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து காலுறை போடுகிறவளின் முழங்காலுக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு கை தூரம்தான்.

தொட்டிக்குள் சோப்புக்கட்டி அளவில் ரோஸ் நிறக் கட்டிகள் கிடக்கும். ஊர் ஆண்கள் அதைத் தொட்டி மிட்டாய் என்பார்கள். கம்பளி அடுக்கிய அலமாரியைத் திறந்தால் வருமே அந்துருண்டை நெடி, அதே சரக்குதான். ஆனால் அலமாரியில் நாலு உருண்டை. இங்கே தொட்டி நிறைய. அது கரைந்து நீராகிப் போகிற ஜாதி இல்லை. கட்டியாக இருந்தபடியே தேய்ந்து காற்றாகிவிடும். வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற தகர அறையில் அந்தக் காற்றுக்குப் போக்கிடம் ஏது? பெண்கள் கதவைத் திறக்கும்வரை அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கட்டிகளைப் போடுகிறவர் நெரிடாவின் அப்பா லெஸ். கிளப்பில் சம்பளமில்லாத எல்லா வேலையும் அவருடையது. புல் வெட்டுவது, கோடு போடுவது, விளக்கு மாற்றுவது, கழிப்பறை பார்த்துக்கொள்வது. ஆடுகிற வயசு போன பிறகு மைதானத்தை விட்டு வர மனசில்லாமல் அப்படியே தங்கிவிட்ட மனிதர்.

புதன்கிழமைதோறும் நெரிடா பெற்றோர் வீட்டில் சாப்பிடுவாள். ஒரு புதனன்று ஆட்டுக்கறி ரோஸ்ட்டை வெட்டிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை எங்களுக்கு அந்த மிட்டாய் வேணாம்."

"அது இல்லாட்டி ரூம் நாறும்டி."

"இப்ப மட்டும் மணக்குதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அம்மா ஐரிஸ் பட்டாணிக் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் அடுப்புல கறி கருகி வீடு பூரா புகை. நீ டிவி முன்னாடி உக்காந்து 'சாப்பாடு ஆச்சா'ன்னு கேட்டவன்தானே."

"அது வேற. ஜலதோஷம்."

"பத்து வருஷமா ஜலதோஷம்."

லெஸ் கேட்காதவர் மாதிரி கறியில் புதினா சாஸை ஊற்றினார். "எத்தனையோ வருஷமா போடறேன் நெரி. ஒருத்தனும் செத்ததில்லை."

"ஆம்பளைங்க உள்ள போன வேகத்துல வெளிய வந்துடறீங்க. நாங்க அங்கேயே உக்காந்து, கணுக்காலுக்குக் கட்டுப் போட்டு, ஆட்டம் பத்திப் பேசி..."

"அப்ப பேச்சைக் குறைங்க."

ஐரிஸ் சிரிக்கவில்லை. நெரிடாவும் சிரிக்கவில்லை. தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சாப்பிட்டு முடித்தார் லெஸ்.

அடுத்த ஞாயிறு நெரிடா ரப்பர் கையுறையோடு வந்தாள். கட்டிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பைப் பையில் கட்டி, லெஸ்ஸின் கருவிக்கொட்டகை வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு கட்டிகள் மறுபடி தொட்டியில் இருந்தன, முன்னைவிட அதிகமாக. மறுபடி பொறுக்கினாள். மறுபடி வந்தன. அப்பாவும் பெண்ணும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. புதன்கிழமை ரோஸ்ட் மட்டும் தவறாமல் நடந்தது.

நெடி துணியில் ஏறிவிட்டது. ஜெர்ஸியைத் துவைத்து வெயிலில் போட்டாலும் போகவில்லை. கூனாங் ஊர்ப் பெண்களோடு ஆட்டம். பந்துக்காக முட்டிமோதுகிற கூட்டத்துக்குள் எதிரணிக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யம்மா! உங்களை எந்தப் பெட்டிக்குள்ளடி பூட்டி வெச்சிருந்தாங்க? அந்துருண்டைங்களா!"

பிறகு ஆட்டம் முழுக்க அதே பாட்டுத்தான். டெரிம்பா பெண் பந்தைத் தொட்டாலே போதும், கூனாங் பெஞ்சிலிருந்து "அந்துருண்டை, அந்துருண்டை" என்று கோஷம். டெரிம்பாவின் முன்வரிசையில் ஆடிய டெகனுக்கு முகம் சிவந்துபோனது. ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற பத்தொன்பது வயசுப் பெண். ஓட்டத்தில் அவளை யாரும் பிடிக்க முடியாது. கோல் அடித்துவிட்டு நேராகக் கூனாங் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆமாண்டி, அந்துருண்டைதான்! எங்க பக்கம் வந்த பூச்சியெல்லாம் செத்துச்சா, இல்லையா?"

நடுவர் எச்சரித்து அனுப்பினார். அன்றைக்கு டெரிம்பா ஜெயித்தது, அந்தப் பருவத்தின் முதல் வெற்றி. பெண்கள் கத்திய கத்தலில் கோல் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காலாக் கிளிகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

அந்தத் தெம்பிலேயே நெரிடா கிளப் கமிட்டிக்குப் போனாள். தலைவர் ராஸ் டனெட் டிராக்டர் விற்கிறவர். எதிராளி பேசும்போதே தலையாட்டுவார். தலையாட்டி முடித்தபின் இல்லை என்பார்.

"புரியுது நெரி. நூத்துக்கு நூறு புரியுது. அடுத்த வருஷம் புது கட்டடத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் நாங்க மூச்சு விட வேணாமா?"

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "பொம்பளைங்க வந்தாலே ரோஜாப்பூ வாசம் கேப்பீங்கன்னு தெரியும்" என்றார்.

"ரோஜாப்பூ வேணாம். வெறும் காத்து போதும்."

"சனிக்கிழமை வர்ற வெளியூர்க்காரங்களுக்கு அந்தத் தொட்டி வேணுமே," என்றார் ராஸ். "நாறுதுன்னு லீக்ல புகார் குடுத்தா நான்தானே பதில் சொல்லணும்? கொஞ்சம் பொறுத்துக்க. டெரிம்பா பொண்ணு நீ. இதெல்லாம் ஒரு விஷயமா?"

மூலையில் லெஸ் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை.

ஜூன் மாதத்தில் அது நடந்தது. பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிற அந்த ஊருக்கு அது நடுக்குளிர்காலம். கடுங்குளிர். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. வெளியே நின்று உடை மாற்ற முடியாது, ஜன்னலைத் திறந்துவைத்தால் உள்ளே நடுக்கம். குளிரில் கட்டிகளைப் பொறுக்காமலே யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். சின்ன மின்சார அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அறை சூடேறச் சூடேற நெடியும் ஏறியது. பேச்சு சுவாரஸ்யத்தில் யாரும் கவனிக்கவில்லை. டெகன் பாதியில் எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்தாள். அவள் மார்பிலிருந்து வந்த விசில் சத்தம் நெரிடாவுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது டெகனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஆஸ்துமாடி இவளுக்கு! பஃபர் எங்க? டெகன், பஃபர் எங்க வெச்ச?"

கேட்டது ரோவெனா. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். பின்வரிசையில் ஆடுவாள். குட்டை உருவம். ஆனால் அவள் குரலுக்கு அத்தனை பேரும் வழிவிட்டார்கள். நெரிடா டெகனை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே பனியில் ஓடினாள். ரோவெனா பையைக் கவிழ்த்து மருந்தைத் தேடி எடுத்து, டெகன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே எண்ணினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நெரிடா பார்த்ததெல்லாம் டெகனின் கண்களைத்தான். மகா வாயாடி அவள். அந்தக் கண்ணில் இப்போது பயம் மட்டும்தான் இருந்தது.

டெகன் பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். நெரிடா ரோவெனாவைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

"அதனாலதானா?"

"சத்தியம் பண்ணி நான் சொல்ல மாட்டேன். குளிராவும் இருக்கலாம். ஆனா ஆஸ்துமாக்காரிய அந்த நெடியில பூட்டி உக்கார வெச்சா என்ன ஆகும்னு டாக்டர்தான் சொல்லணுமா?"

அன்று மாலை நெரிடா அப்பாவின் கருவிக்கொட்டகைக்குப் போனாள். தொட்டி மிட்டாய் வாளி அலமாரிக்குக் கீழே இருந்தது. வாளியைச் சுற்றி ஒட்டியிருந்த தாளைத் தூசி தட்டிப் படித்தாள். பாரா டைக்ளோரோபென்சீன் என்று ஒரு பெயர். இரண்டு முறை எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கீழே, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, காற்றோட்டமில்லாத இடத்தில் பயன்படுத்தக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாசலில் நிழல் தட்டியது. லெஸ்.

"இதைப் படிச்சிருக்கியா அப்பா?"

"கண்ணாடி இல்லாம எப்படிப் படிக்கிறது?"

"இத்தனை வருஷமா வெறுங்கையால தூக்கிப் போட்டுக்கிட்டு இருக்க."

லெஸ் தன் கைகளைப் பார்த்தார். உடனே பைக்குள் விட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இளைப்பு உண்டு. ஊருக்கே தெரியும். பனி வேற."

"அப்பா."

"இனிமே சனிக்கிழமை ராத்திரியே எடுத்துடறேன். போதுமா? விடு."

கமிட்டியும் அதையே சொன்னது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கட்டிகளை எடுத்துவிடுவது, அறையைத் திறந்து வைப்பது. ராஸ் டனெட் டெகனுக்குப் பூங்கொத்து அனுப்பினார். பூங்கொத்து வந்த வேகத்தில் ரொட்டிக்கடைக் குப்பைத் தொட்டிக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்துச் சொந்த மைதானத்தில் ஆட்டம். டெகன் ஆட வரவில்லை, ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். நெரிடா கதவைத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல்தான் திறந்தாள், சொன்ன சொல்லை நம்பி. நெடி முகத்தில் அறைந்தது. தொட்டிக்குள் புத்தம்புதுக் கட்டிகள். முந்தின நாள் ஆண்கள் அணி பெரிய வெற்றி பெற்றிருந்தது. பார் மூட நேரமாகியிருக்கும். அறை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நெரிடா கத்தவில்லை. கதவைச் சாத்தினாள். தன் யூட் சரக்கு வண்டிக்குப் போய்ப் பின்தட்டிலிருந்து கட்டிங் மெஷினையும் நீள வயரையும் எடுத்து வந்தாள்.

"என்னடி பண்ணப் போற?" என்றாள் ரோவெனா.

"தொட்டியை எடுக்கப் போறேன்."

"கமிட்டியில கேட்டியா?"

"கேட்டேன். மூணு தரம்."

ரோவெனா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிகளை எல்லாம் வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோனாள். ஜன்னலைத் திறந்தாள். தண்ணீர்க் குழாயை மூடினாள். "இப்ப வெட்டு," என்றாள்.

முதல் தீப்பொறி பறந்தபோது மைதானத்தின் மறுகோடியிலிருந்து லெஸ் ஓடி வந்தார். முட்டிவலிக்காரர். அவர் ஓடி நெரிடா பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

"நிறுத்துடி! நெரி! நிறுத்து!"

அவள் மெஷினை நிறுத்தினாள். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். லெஸ் அவளைத் தாண்டிப் போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றார், இரண்டு கையையும் விரித்து.

"இதை நான் பதிச்சேன். என் கையால. நீ உங்கம்மா வயித்துல இருந்தப்போ. அதுக்கு முன்னாடி வர்றவனெல்லாம் மரத்தடியிலதான் போவான். டெரிம்பாவுலதான் நல்ல ரூம்னு லீக் முழுக்கப் பேசினாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நல்ல தொட்டிதான் அப்பா. ஆம்பளைங்களுக்கு. நான் பொறக்கப் போறேன்னு தெரிஞ்சப்போ பதிச்சியே, நான் ஒருநாள் இந்தப் பக்கம் வருவேன்னு தோணலையா?"

லெஸ் தொட்டியை விட்டு நகரவில்லை. விரித்த கை விரித்தபடியே இருந்தது. வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். டெகன் மட்டும் கொஞ்சம் தள்ளி, காற்று வருகிற பக்கமாக, கழுத்துவரை கோட்டை இழுத்துவிட்டு நின்றாள். லெஸ்ஸின் பார்வை அவள்மேல் போய் விழுந்தது. அவருக்கு அடிக்காத நெடிக்காக அந்தப் பெண் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு கைகளை இறக்கினார். நெரிடாவைத் தொடாமல், யாரையும் பார்க்காமல் வெளியே நடந்து போனார்.

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மீதியையும் வெட்டினாள். ஆறு பெண்கள் சேர்ந்து தொட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிளப் அலுவலக வாசலில், கதவுக்கு நேர் குறுக்கே வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. கிளப் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக நெரிடாவுக்குப் பருவம் முடியும்வரை ஆடத் தடை, மைதானத்துக்குள் வரவும் தடை. ராஸ் டனெட் வெளியே வந்து அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"எல்லார் முன்னாடியும் ஒரு மன்னிப்பு. ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கே நீ ஆடலாம். நானே முன்னாடி நின்னு முடிச்சு வைக்கிறேன்."

"தொட்டி?"

"திரும்ப வைப்போம். ஒரு திரை போட்டுடலாம்."

"திரைக்கு நெடி நிக்குமா ராஸ்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஆண்களுக்குப் பரம எதிரியான கூனாங்கோடு ஆட்டம். மைதானத்தைச் சுற்றிலும் கார்கள். இடைவேளை சைரன் அடித்ததும் ஜனம் ஐரிஸ் நடத்துகிற கேண்டீனை நோக்கிப் போனது. ஷட்டர் இறங்கிக் கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, பேச்சுச் சத்தம் கேட்டது, ஆனால் இடைவேளைக்குச் சுடுகிற 'பை' என்கிற கறிப் பலகாரத்தின் வாசனை இல்லை. ராஸ் ஷட்டரைத் தட்டினார்.

"ஐரிஸ்! என்ன ஆச்சு? கரண்ட் இல்லையா?"

ஷட்டர் ஒரு முழம் உயர்ந்தது. நெரிடாவின் அம்மாவின் முகம் தெரிந்தது. பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கரண்ட் இருக்கு. மனசு இல்லை."

"கூனாங்காரங்க வந்திருக்காங்க ஐரிஸ். மானம் போகுது."

"நான் இந்தக் கிளப்புக்கு நெட்பால் ஆடினேன். தெரியுமில்ல? ஒவ்வொரு சனிக்கிழமையும் கார் பின்சீட்டுல படுத்துக்கிட்டே பாவாடை மாத்தினேன். கண்ணாடிக்குத் துண்டு தொங்கவிட்டு. கல்யாணத்துக்கு அப்புறமும் அதே கார்தான். ஒரு ரூம் வேணும்னு கேக்கத் தோணலை எனக்கு. என் பொண்ணுக்குத் தோணிச்சு. அவளை நீங்க வேலிக்கு வெளிய நிறுத்தினீங்க. நான் உள்ள நின்னு உங்களுக்குப் பை சுடணுமா?"

"அதுக்கும் பைக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாட்டி நீயே சுட்டுக்க."

ஷட்டர் இறங்கியது. கூனாங்காரர்கள் பட்டினியோடு ஆடி, பட்டினியோடு ஜெயித்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். டெரிம்பாவுக்கு இரட்டை அவமானம். லெஸ் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. டப்பா பீன்ஸைத் திறந்து சூடுகூடப் பண்ணாமல் சாப்பிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் ஷட்டர் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கமிட்டி இறங்கி வந்தது. தொட்டி இனி அந்த அறைக்குத் திரும்பாது. ஆண்களுக்கு வெளியே தனிக் கழிப்பறை வைக்கப்படும். கட்டிகள் இனி கிடையாது. ஐரிஸ் பை அடுப்பைப் பற்றவைத்தாள். ஆனால் நெரிடாவின் தடையை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் எடுக்கலாம் என்றார்கள். முழுசாகத் தோற்றவர்களாகத் தெரியாமல் இருக்க அவர்களுக்கும் ஒரு பிடி தேவைப்பட்டது.

"கேட்டுத் தொலையேன்டி," என்றாள் ரோவெனா. "நமக்கு வேண்டியது கிடைச்சாச்சு. செமிஃபைனல் வருது. நீ இல்லாட்டி நடுவுல பந்தை யார் தட்டுவா?"

"எதுக்குக் கேக்கணும்? தப்புன்னு தோணினா கேப்பேன்."

"சும்மா வாயால சொல்லு."

"வாயால சும்மா சொல்றது ராஸ் வேலை."

ரோவெனா கோபமாகப் போய்விட்டாள். அணியில் பாதிப் பேருக்கு நெரிடாமேல் வருத்தம்தான். பிடிவாதக்காரி, தன் பிடிவாதத்துக்கு எங்களைப் பலி கொடுக்கிறாள் என்று பேசினார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. தூக்கம் வராமல் புரண்டாள். ஆனாலும் அந்த வார்த்தை அவள் வாய்க்கு வரவில்லை.

செமிஃபைனல் டெரிம்பா மைதானத்தில். மைதானத்துக்குள் வரத் தடை என்றால் வெளியே நிற்கத் தடை இல்லை. நெரிடா உர லாரியைக் கம்பி வேலியை ஒட்டி ரோட்டோரம் நிறுத்தி, மேலே ஏறி மூட்டைகள்மேல் நின்றாள். அங்கிருந்து மொத்த மைதானமும் உள்ளங்கை மாதிரி தெரிந்தது. டெகன் திரும்பி வந்திருந்தாள், காலுறைக்குள் பஃபரைச் செருகிக்கொண்டு. ஆனால் நெரிடா இல்லாமல் அணியில் சரியாகப் பதினாறு பேர்தான், மாற்று ஆள் கிடையாது. அதிலும் ஒரு பெண்ணுக்கு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கணுக்கால் பிசகிவிட்டது. பதினைந்து பேர் பதினாறு பேரை எதிர்த்து இறங்கினார்கள்.

"டெகன்! இடது பக்கம்! அங்க ஆளே இல்லைடி! ரோவெனா, ஒட்டி நில்லு!"

லாரிமேலிருந்து அவள் கத்திய கத்தல் ஊர்க்கோடிக்குக் கேட்டிருக்கும். இடைவேளையில் லெஸ் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார். தொட்டி போன நாளிலிருந்து இருவரும் பேசவில்லை. லாரிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ராஸ் அனுப்பினான்."

"தெரியுது."

"ஒரு வார்த்தை சொல்லிட்டா இப்பவே உள்ள வரலாமாம். ரெண்டாம் பாதி ஆடலாம். சட்டை ரெடியா வெச்சிருக்கான்."

நெரிடா உள்ளே பார்த்தாள். பெண்கள் வட்டமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவள் பக்கமே பார்த்தார்கள். பதினோரு புள்ளி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு கோல், பின்தங்கியிருந்தார்கள். ஒரு வார்த்தை.

"நீ டெகன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா அப்பா?"

லெஸ் தொப்பியைக் கழற்றினார். "சொல்லிட்டேன்."

"எப்போ?"

"போன வாரம். ரொட்டி வாங்கப் போனேன். கடையில ஆள் இல்லை. வாளியில எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படிச்சேன்னு சொன்னேன். தப்பு என்னோடதுன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "ரொட்டியை ஓசியிலயா குடுப்பா? குடுக்கலை," என்றார்.

அப்பா இதுவரை யாரிடமும் தன் தப்பு என்று சொல்லி நெரிடா கேட்டதில்லை.

"நானே சொல்லிட்டேன்," என்றார் லெஸ். "நீ சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

"நீ சொன்னது சரி. யார்கிட்டச் சொல்லணுமோ அவகிட்டச் சொன்ன. நான் யாருக்கும் மூச்சு முட்ட வைக்கலையே அப்பா. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

லெஸ் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் ராஸ் டனெட் கையில் ஜெர்ஸியோடு நின்று, என்ன ஆச்சு என்று ஜாடை காட்டினார். லெஸ் அவரைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"அவ சொல்ல மாட்டா!" என்று உரக்கச் சொன்னார். "வீணா நிக்காத!"

பிறகு லாரியின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்தார். முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக ஏறினார். நெரிடா குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். உர மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இங்கேர்ந்து நல்லாத்தான் தெரியுது," என்றார்.

சைரன் அடித்தது. ராஸ் வேலிக்கு அருகே வந்து, லாரியை எடுக்கச் சொன்னார், கிளப் எல்லையில் இப்படி நிறுத்தக்கூடாது என்றார். நெரிடா வாயைத் திறப்பதற்குள் லெஸ் எழுந்து நின்றார்.

"இது ரோடு ராஸ்! உன் கிளப்போட புல்லு வேலிக்கு அந்தப் பக்கமே முடிஞ்சு போச்சு. நான்தான் வெட்டறேன், எனக்குத் தெரியாதா?"

வேலிக்குள்ளே சிலர் சிரித்தார்கள். ராஸ் ஜெர்ஸியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் பாதியில் பதினைந்து பெண்கள் இருபது பேராக ஆடினார்கள். ரோவெனா பந்தின்மேல் விழுந்து விழுந்து எழுந்தாள், முகமெல்லாம் சேறு. டெகன் இரண்டு முறை வெளியே வந்து பஃபரை இழுத்துவிட்டு இரண்டு முறையும் திரும்ப ஓடினாள். கடைசிக் கட்டத்தில் வித்தியாசம் ஒரே கோல். டெகன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. சைரன் அடித்துவிட்டது.

தோற்றுப்போனார்கள். கொஞ்ச நேரம் புல்லில் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். நெரிடா லாரிமேலேயே நின்றாள். இவள் இருந்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று அவர்கள் நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அதையேதான் நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று கீழே இறங்கி வேலிக்கருகே வந்தாள்.

முதலில் வந்தது ரோவெனா. கம்பி வழியாக அவள் காதைப் பிடித்துத் திருகினாள், வலிக்கிற மாதிரி.

"உன்னை மாதிரி மண்டைக்கனம் பிடிச்சவளை நான் பார்த்ததே இல்லை."

"தோத்துட்டோம்டி. என்னாலதான்."

"தோத்தோம்தான். அடுத்த வருஷம் உள்ள வந்து ஆடு. மன்னிப்பு மட்டும் கேட்டுடாத. இவ்வளவு தூரம் தோத்தப்புறம் கேட்டேன்னா நானே உன்னைக் கொன்னுடுவேன்."

மற்றவர்களும் வேலியண்டை வந்து சேர்ந்தார்கள். அழுதவள் அழுதாள், சிரித்தவள் சிரித்தாள். டெகன் கம்பியில் நெற்றியை முட்டி, கம்பத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். பிறகு, பருவம் முடிந்தது, தடையும் முடிந்தது என்று நெரிடாவையும் உள்ளே இழுத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து அந்தத் தகரக்கூரை அறைக்குப் போனார்கள். சுவரில் தொட்டி இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. ஆணி பிடுங்கிய ஓட்டைகளை லெஸ் ஏற்கனவே சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார், ஓணான் வரும் என்ற சாக்கில். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு, வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவருஷம் கமிட்டிக்குத் தேர்தல் வந்தது. நெரிடா நின்றாள். ராஸ் டனெட், போன வருஷ விவகாரத்துக்கு ஒரு வருத்தமாவது தெரிவித்துவிட்டு நின்றால் நன்றாக இருக்கும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். நெரிடா தன் இடத்திலிருந்து எழுந்தாள்.

"வருத்தம் இருக்கு ராஸ். முதல் ஞாயித்துக்கிழமையே வெட்டாம விட்டுட்டேனேன்னு."

பின்வரிசையில் கேண்டீன் பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே, பெண்கள் அறைக்கு வெந்நீர் எப்போது வரும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.